ஸ்காபரோவின் வசந்தமும் எங்கள் மரக்கறித் தோட்டமும்

கனடாவின் ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வீட்டுத்தோட்டம் செய்யும் தமிழ்க் குடும்பங்களிற் பல, வசந்தகாலத்தை வெறும் காத்திருப்புக் காலமாகவே கழிக்கின்றன. பங்குனி பிறந்ததும் நாற்றுத் தட்டுகள் யன்னலோரம் ஏறிவிடும். அதன்பின் மே மாதக் கடைசியில் பாகலும் கத்தரியும் புடோலும் நிலத்தில் இறங்கும்வரை பின்வளவுப் பாத்திகள் சும்மா கிடக்கும். நாங்கள் விரும்பிச் சாப்பிடும் மரக்கறிகள் பெரும்பாலும் சூட்டுக்குப் பழகியவை என்பதால் இந்தப் பழக்கம் இயல்பாக வந்ததுதான். ஆனாலும் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து ஜூன் தொடக்கம்வரையான இரண்டு மாதங்களுக்கென்றே தனியாக ஒரு விளைச்சல் இருக்கிறது என்பதும், அதை எடுத்தால் பின்னால் வரும் பாகலுக்கோ கத்தரிக்கோ எந்தக் குறையும் வராது என்பதும் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் தோட்டம் செய்துவரும் என்னுடைய உறுதியான எண்ணம்.

காற்றின் சூடும் மண்ணின் சூடும் சேர்ந்து ஏறுவதில்லை என்பதுதான் இங்கே முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது. ஏப்ரல் நடுவில் ஒரு நாள் திடீரென்று 20 பாகை செல்சியஸ் வெயில் எறிக்கும். குளிர்ச்சட்டையைக் கழற்றிவிட்டு வளவில் நிற்கலாம். அன்றைக்குக் காலையில் 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் வெப்பமானியைக் குத்திப் பார்த்தால் 7 அல்லது 8 பாகைதான் காட்டும். பனி உருகிய நீர் மண்ணுக்குள் நிறைந்திருக்கிறது. நீரைச் சூடாக்குவதற்கு நிறைய வெப்பம் வேண்டும். களிமண் அந்த நீரை இலேசில் விட்டுவிடாது. ஆகையால் மணற்பாங்கான நிலத்தைவிட எங்கள் களிநிலம் பிந்தியே சூடேறுகிறது. இதற்கு மேல் ஒன்ராறியோ ஏரியும் இருக்கிறது. வசந்தத்தில் ஏரி நீர் இன்னும் குளிர்ந்தே கிடப்பதால், அதற்கு அருகிலுள்ள தெற்கு ஸ்காபரோவில் மே மாதப் பகல்கள் வடக்கேயுள்ள மார்க்கம் (Markham) நகரத்தைவிடக் குளிராக இருக்கும். அதே ஏரி இரவில் குளிர் மட்டுக்கு மீறி இறங்காமலும் பார்த்துக்கொள்வதால், கடைசி உறைபனி வடக்கே இருப்பவர்களைவிட இங்கே முன்னதாகவே முடிந்துவிடும். ஒரே நகரத்தில் இருக்கும் உறவினர் எப்போது நட்டார் என்பதைக் கேட்டு நாமும் நடுவது அதனால் அவ்வளவு பொருத்தமாக அமைவதில்லை.

பட்டாணி விதை 5 பாகை மண்ணிலேயே, சற்று ஆறுதலாக என்றாலும், முளைத்துவிடும். பசளைக்கீரை என்று கடைகளில் விற்கப்படும் ஸ்பினாச் அதைவிடக் குளிரையும் தாங்கும். வெந்தயம், கடுகு, கொத்தமல்லி, முள்ளங்கி ஆகியவை 10 பாகை அளவில் நன்றாகவே எழும்பும். கத்தரியோ 15 பாகைக்குக் கீழே வளர்ச்சியை நிறுத்திவிட்டு அப்படியே நிற்கும். பாகலும் புடோலும் 10 பாகைக்குக் கீழே இறங்கும் இரவுகளில் இலை வெளிறிச் சுருளும். வெண்டிக்கும் பயிற்றைக்கும் மண் 18 பாகையைத் தாண்டினால்தான் விதை அழுகாமல் முளைக்கும். இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், எந்த விதை எப்போது மண்ணுக்குள் போக வேண்டும் என்பதை நாட்காட்டியைவிட வெப்பமானி தெளிவாகச் சொல்லிவிடும்.

மண் விடயத்தில் ஏப்ரலில் பொறுமை வேண்டும். புதிதாக வீடுகள் எழும்பிய பகுதிகளில், கட்டுமானத்தின்போது மேல்மண் அகற்றப்பட்டு, முடிவில் மெல்லிய ஒரு படை மட்டும் திரும்பப் போடப்பட்டிருக்கும். அதற்குக் கீழே இறுகிய களிதான். அது ஈரமாக இருக்கும்போது மண்வெட்டியை வைத்தால், புரட்டிய கட்டிகள் காய்ந்து கல்லாகிவிடும். அந்த ஆண்டு முழுவதும் அவற்றை உடைக்க முடியாது. ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்கிப் பிடித்து, பெருவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். உதிர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். விரல் அடையாளத்தோடு உருண்டையாகவே இருந்தால் இன்னும் சில நாள்கள் விட்டுவிட வேண்டியதுதான். நான் இப்போதெல்லாம் கொத்துவதே இல்லை. மேலே இரண்டு அங்குல உயரத்துக்குக் கூட்டெருவைப் பரப்பிவிட்டு, கீழே கொண்டுபோகும் வேலையை மண்புழுக்களிடம் விட்டுவிடுகிறேன். ரொறன்ரோ மாநகரசபை சில நாள்களில் கூட்டெருவை இலவசமாக அள்ளிக்கொண்டு போக விடுவதுண்டு. வாளியும் சவளும் கொண்டு வரிசையில் நிற்பவர்களுக்குள் எங்கள் ஆட்களைக் காணாமல் இருக்க முடியாது.

முன் விளைச்சலில் என் வீட்டில் அதிகம் மதிக்கப்படுவது வெந்தயக்கீரை. சமையலுக்கு வாங்கிய பொதியிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்து இரவு ஊறவைத்து, ஏப்ரல் நடுவில் பாத்தியில் நெருக்கமாகத் தூவி, மெல்லிய மண்ணால் மூடிவிட்டால் போதும். மே நடுவில் பருப்போடு கடைவதற்குக் கீரை இருக்கும். முள்ளங்கி அதைவிட விரைவானது. இங்குள்ள சிறிய சிவப்பு முள்ளங்கி நான்கு வாரத்தில் திரண்டுவிடும். கிழங்கைவிட அதன் இளம் இலையைத் தேங்காய்ப்பூவோடு வறுத்தெடுக்கும் வறைக்காகவே நான் அதை விதைக்கிறேன். உள்ளி சென்ற ஆண்டு ஒக்ரோபரில் ஊன்றியது. பனி முழுதாகக் கரைவதற்கு முன்னரே அதன் பச்சை முனைகள் வைக்கோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து நிற்கும்.

ஊர்ச் சின்னவெங்காயத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் ஆசையோடு நட்டுப் பார்த்து மனம் சலித்த பயிர் அது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. ரொறன்ரோவிலோ அது ஆறரை மணி நேரம். ஜூன் 21 அளவில் பகல் பதினைந்தரை மணி நேரத்தைத் தொட்டுவிடும். பன்னிரண்டு மணி நேரப் பகலிலேயே குமிழ் கட்டப் பழகிய வெங்காய இனத்தை இங்கே ஏப்ரலில் ஊன்றினால், இலை பெருகுவதற்கு முன்பே நீண்ட பகல் அதைக் குமிழ் கட்டச் செய்துவிடுகிறது. விளைவாகக் கிடைப்பது ஊன்றியதைவிடச் சிறிய காய்தான். வெங்காயத்தாளுக்காக என்றால் தாராளமாக ஊன்றலாம். காய்க்கு இங்குள்ள நீள்பகல் இனங்களைத்தான் நாட வேண்டும். இதே பகல் நீளந்தான் சிறகவரையையும் ஊர் மொச்சை அவரை இனங்கள் பலவற்றையும் செப்ரெம்பர்வரை பூக்கவிடாமல் கொடியாகவே ஓடவைக்கிறது. பூ வந்து காய் பிடிக்கும் நேரத்தில் உறைபனி வந்துவிடும். எரு போதாது, மண் சரியில்லை என்று அந்தக் கொடிகளுக்கு மேலும் மேலும் பசளை போடுபவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

இவ்வளவும் வெளியே நடக்கும்போது வீட்டுக்குள் நாற்றுகள் வளர்ந்துகொண்டிருக்கும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் நிலத்தில் இறங்குவதற்கு முன் எட்டு முதல் பத்து வாரங்கள் வேண்டும் என்பதால் மார்ச் முதல் பாதியில் விதைத்துவிட வேண்டும். தக்காளியை மார்ச் கடைசியிலும், பாகலையும் புடோலையும் ஏப்ரல் கடைசியிலும் போட்டாற் போதும். யன்னல் வெளிச்சத்தை நம்பினால் நாற்று வெளிறி, நூல்போல நீண்டு சரிந்துவிடும். நிலக்கீழறையில் ஒரு சாதாரண எல்ஈடி குழல் விளக்கை நாற்றின் தலைக்கு மேலே ஒரு சாண் உயரங்கூட இல்லாமல் தாழ்வாகத் தொங்கவிட்டு, நாளுக்குப் பதினான்கு மணி நேரம் எரியவிடுவது, தெற்கு நோக்கிய எந்த யன்னலையும்விட நல்ல பலன் தரும். முளைத்து ஒரு வாரத்தில் தண்டு அடியில் கறுத்து மெலிந்து, நாற்று அப்படியே படுத்துவிடும் நோய்க்கு நாற்றழுகல் என்று பெயர். ஈரமும் காற்றோட்டமின்மையும் சேரும்போது மண்ணிலுள்ள பூஞ்சைகளால் அது வருகிறது. மேலிருந்து தெளிக்காமல் தட்டில் நீர் விட்டு அடியால் உறிஞ்சவைப்பதும், ஒரு சிறிய மின்விசிறியை மெதுவாகச் சுழலவிடுவதும் அதைப் பெருமளவு தடுத்துவிடும்.

பாகல் விதையின் தோல் மிகக் கடினமானது. அதன் கூரான முனையை நகவெட்டியால் மெல்லக் கிள்ளி, உள்ளிருக்கும் வெள்ளைப் பருப்பு காயப்படாமல் ஒரு வெடிப்பு மட்டும் விழச்செய்து, இளஞ்சூட்டு நீரில் ஓர் இரவு ஊறவைத்து, ஈரத் துணியில் சுற்றிச் சூடான இடத்தில் வைத்தால், சில நாள்களில் வெடிப்பின் வழியாக வேர் வெள்ளையாக எட்டிப் பார்க்கும். அந்த வேர் அரை அங்குலமாவதற்குள் சாடியில் மாற்றிவிட வேண்டும். கடதாசிச் சாடி நல்லது. பாகலுக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது.

மே வந்ததும் பொறுமை தளரத் தொடங்கும். இரண்டு வீடு தள்ளியிருக்கும் அக்கா ஒருவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, இவ்வளவு வெயில் எறிக்குது, இன்னும் கத்தரி வைக்கேல்லையோ?" என்று கேட்பார். "மண் இன்னும் குளிருது அக்கா" என்று சொன்னால், அவருக்குத் திருப்தி இராது. கடைகளும் அவருடைய பக்கம்தான்: ஸ்காபரோவின் தமிழ், சீனக் கடைவாசல்களில் பாகல் கன்றுகளும் மிளகாய்க் கன்றுகளும் மே முதல் வாரத்திலேயே அடுக்கப்பட்டுவிடும். இங்குள்ள பழைய தோட்டக்காரர்கள் விக்டோரியா தினத்தை, அதாவது மே 25க்கு முன்வரும் திங்கட்கிழமையை, எல்லையாக வைத்திருக்கிறார்கள். அதற்கு நல்ல காரணமும் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு அன்னையர் தினத்தை ஒட்டிய நாள்களில் இங்கே பனி தூவியது. அதே மாதக் கடைசியில் வெப்பம் 30 பாகையைத் தாண்டியது. நாட்காட்டியைவிட நான் அதிகம் பார்ப்பது செடிகளைத்தான். போர்சித்தியா மஞ்சளாகப் பூத்தால் பட்டாணிக்கு நேரம் வந்துவிட்டது. லைலாக் முழுதாக விரிந்தால் தக்காளியை இறக்கலாம். கத்தரிக்கும் பாகலுக்கும் அதற்கு மேலும் ஒரு வாரம் விடுவேன்.

இறக்குவதற்கு முன் ஒரு வாரமோ பத்து நாளோ நாற்றுகளை வெளிக்குப் பழக்க வேண்டும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு சிறிது சிறிதாகக் காலை வெயில், கடைசியில் முழு நாளும் இரவும். விளக்கின் கீழ் வளர்ந்த இலை நேரடி வெயிலில் ஒரே பிற்பகலில் வெள்ளையாகக் கருகிவிடும். குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் இருந்த கறிவேப்பிலைச் சாடிக்கும் முருங்கைச் சாடிக்கும் இதுவே விதி. இரவு 10 பாகைக்கு மேல் நிலைத்த பிறகே அவை வெளியே வர வேண்டும்.

நட்ட கத்தரியை முதலில் கண்டுபிடிப்பவை தெள்ளு வண்டுகள். கடுகளவு கறுப்புப் புள்ளிகளாக இலையில் இருக்கும். விரலைக் கிட்டக் கொண்டுபோனால் துள்ளி மறையும். அவை தின்ற இலை ஊசியால் நூறு இடத்தில் குத்தியதுபோல ஓட்டையாகிவிடும். வளர்ந்த செடி அதைத் தாங்கிக்கொள்ளும், ஆனால் நான்கு இலைக் கன்று தாங்காது. நட்ட அன்றே மெல்லிய வலைத்துணியை வளைகம்பிகளின் மேல் போட்டு, ஓரங்களை மண்ணால் மூடிவிட்டால் அணில், முயல் தொல்லையும் அதோடு தீரும். பூக்கத் தொடங்கும்போது துணியை எடுத்துவிடலாம்.

ஜூன் முதல் வாரத்தில் இரண்டு விளைச்சல்களும் ஒரே பாத்தியில் சந்தித்துக்கொள்ளும். பகல் நீண்டதும் ஸ்பினாச் நடுத்தண்டு விட்டுப் பூக்கப் பார்க்கும். அப்போது அதை வேரோடு பிடுங்கி, அந்த இடத்திலேயே கத்தரியை வைக்கலாம். கொத்தமல்லியில் இரண்டொன்றைப் பூக்கவிடுவது நல்லது. விதையும் கிடைக்கும், அந்தப் பூவுக்கு வரும் சிறு பூச்சிகள் அசுவினியையும் ஓரளவு கட்டுப்படுத்தும். பட்டாணியை நான் எப்போதும் பாகல் பந்தலின் அடியிலேயே விதைக்கிறேன். பாகல் கன்று பக்கத்தில் இறங்கும்போது பட்டாணி இடுப்பளவு ஏறிக் காய்த்துக்கொண்டிருக்கும். அதன் நிழல், புதிதாக நட்ட கன்றுக்கு முதல் நாள்களில் உதவியாகவும் இருக்கும். ஜூலை வெயிலில் பட்டாணிக் கொடி காயத் தொடங்கியதும் அதை அடியோடு நறுக்கி, வேரை மண்ணிலேயே விட்டுவிடுவேன். காய்ந்த கொடியைக் கம்பியிலிருந்து இழுத்தெடுக்க வேண்டியதில்லை. பாகல் அதையே பிடித்துக்கொண்டு மேலே ஏறும்.