நாலு வார்த்தை பொய்யும் சில பெரிய மண்டைகளும்

போன வருஷம் ஆஃபீஸ்ல ஒரு பொய் சொன்னேன். பெரிய பொய்லாம் இல்ல, மொத்தமே நாலு வார்த்தை.

கூட வேலை பாக்குற ஃப்ரெண்டு ஒருத்தன், வேற கம்பெனில இன்டர்வியூ முடிஞ்சு ஆஃபர் லெட்டர் வர்ற நிலைமைல, "மச்சி யார்கிட்டயும் மூச்சு விடாத"ன்னு என்கிட்ட மட்டும் சொன்னான், நானும் சரிடான்னு தலையாட்டிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் கிளம்புனப்புறம், மேனேஜர் லேப்டாப்ப பாதி மூடி வச்சிட்டு சேரை என் பக்கமா திருப்பி, "அவன் வேற எங்கயாச்சும் பாக்குறானாப்பா? அவனை நம்பித்தான் புது ப்ராஜெக்ட்டுக்கு ஓகே சொல்லப்போறேன்"னாரு. நான் ஸ்கிரீனை விட்டு கண்ணை எடுக்காம சொன்னேன், "எனக்குத் தெரிஞ்சு இல்ல சார்". மூணு வாரத்துல அவன் பேப்பர் போட்டுட்டான். புதுசா சேந்த ரெண்டு பேர் தலைல மொத்த வேலையும் விழுந்து, ராத்திரி ராத்திரியா உக்காந்து கண்ணு செவந்து போனாங்க.

அந்த உறுத்தல்லதான் எது சரி எது தப்புன்னு தத்துவக்காரங்க எழுதுனதை எல்லாம் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல பெந்தம், இங்கிலாந்துக்காரர். 1789ல வந்த புக்ல அவர் சொல்றது ரொம்ப சிம்பிள், ஒரு செயலால எல்லாருக்கும் சேத்து எவ்ளோ சந்தோஷம் எவ்ளோ வலின்னு கூட்டிக் கழிச்சுப் பாரு, மிச்சம் நல்லதா இருந்தா அது சரி. (செத்தப்புறமும் மத்தவனுக்குப் பிரயோஜனமா இருக்கணும்னு தன் உடம்பையே எழுதி வச்ச மனுஷன், லண்டன்ல அவர் எலும்புக்கூடு டிரஸ் போட்டு இன்னும் உக்காந்திருக்கு.) சரி, என் கேஸ்ல கூட்டுவோம்னு பாத்தா, அந்த ரெண்டு பேர் அப்ப கம்பெனிக்கே வரல, ஆஃபர் வருமான்னே உறுதி இல்ல, எதைக் கூட்ட எதைக் கழிக்க? அதை விட பெரிய இடி, நான் வாக்கு குடுத்திருந்தேன்ல, அதுக்குன்னு தனியா இந்தக் கணக்குல ஒரு இடமே இல்ல, அதனால என்ன விளையுதுங்கிறது மட்டும்தான் கணக்கு. இவர் வழில வந்த மில் கொஞ்சம் பரவால்ல, பொய் சொல்றது மனுஷனுக்கு மனுஷன் இருக்கிற நம்பிக்கையையே அரிக்கும்ங்கிறாரு, சாகக்கிடக்கிறவர்கிட்ட கெட்ட சேதிய மறைக்கிற மாதிரி சில இடத்துக்கு மட்டும் விலக்கு தர்றாரு. நம்ம வள்ளுவர் "புரைதீர்ந்த நன்மை", அதாவது குத்தமே இல்லாத நன்மை வந்தா பொய்யும் வாய்மைதான்னாரு, ஆனா அந்த "புரைதீர்ந்த"ல தான் நான் மாட்டிக்கிறேன், ரெண்டு பேர் தூக்கம் போன நன்மைல புரை இல்லாமலா இருக்கும்.

அடுத்தது கான்ட், ஜெர்மன் தத்துவக்காரர். எனக்கு இவர் மேல கோவமும் உண்டு மரியாதையும் உண்டு. நீ செய்றதை எல்லாரும் செய்ற விதியா ஆக்குனா அது நிக்குமான்னு பாருங்கிறாரு. மாட்டிக்காம இருக்க எல்லாரும் பொய் சொன்னா யாரும் யாரையும் கேக்கவே மாட்டாங்க, அப்ப பொய்யே வேலை செய்யாது. 1797ல ஒரு கட்டுரைல, கொலைகாரன் கதவைத் தட்டி உன் ஃப்ரெண்டு உள்ள இருக்கானான்னு கேட்டாக்கூட பொய் சொல்லக்கூடாதுன்னே எழுதிட்டாரு! ஆனா அதே ஆளு, 1794ல அவர் நாடான பிரஷ்யாவோட ராஜா மதத்தைப் பத்தி எழுதாதன்னு மிரட்டுனப்ப "மாட்சிமை தங்கிய உங்க விசுவாசமான பிரஜையா" எழுதமாட்டேன்னு வாக்கு குடுத்தாரு, ராஜா செத்ததும், இப்ப நான் அவரோட பிரஜை இல்லையேன்னு மறுபடி எழுத ஆரம்பிச்சிட்டாரு. பொய் இல்ல, ஆனா பக்கா நழுவல். அந்த மாதிரி நானும் "அவனையே கேளுங்க சார்"னு சொல்லிருக்கலாம்தான், ஆனா அப்படிச் சொல்ற செகண்டே மேனேஜருக்குப் புரிஞ்சிருக்கும், வாக்கு போச்சு. கடமையும் கடமையும் மோதவே மோதாதுன்னு கான்ட் சொல்றாரு, அந்த சேர்ல உக்காந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

அரிஸ்டாட்டில் பக்கம் போனா, நல்ல குணமும் விவேகமும் உள்ளவன் என்ன செய்வானோ அதைச் செய்ங்கிறாரு. நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் அவனா இருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காதே.

எனக்கு ஒத்துவந்தது டபிள்யூ. டி. ராஸ்னு ஒருத்தர், மத்தவங்க அளவுக்கு யாரும் இவரைப் பேசுறதில்ல. 1930ல எழுதுனாரு. எல்லாத்தையும் ஒரே விதிக்குள்ள அடைக்காத, வாக்கைக் காப்பாத்துறது, பண்ணுன தப்புக்கு ஈடு கட்டுறது, நன்றி, அடுத்தவனுக்குக் கெடுதல் பண்ணாம இருக்கிறதுன்னு கடமை பல இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் சொந்தமா ஒரு கனம் இருக்கு, மோதுறப்ப எது கனம் ஜாஸ்தின்னு அந்த இடத்துல நீதான் எடை போடணும், அதுக்கு ஃபார்முலா கிடையாதுன்னாரு. ஃபார்முலா இல்லாதது என்ன தியரின்னு இவரைத் திட்றவங்க நெறைய. எனக்கு அதுதான் புடிச்சிருக்கு. ஏன்னா தோத்த கடமை காணாமப் போறதில்ல. வாக்கைக் காப்பாத்துனது சரின்னே வச்சாலும், மேனேஜர்கிட்டயும் அந்த ரெண்டு பேர்கிட்டயும் நான் பட்ட கடன் அப்படியே நிக்குது. என் உறுத்தலுக்கு இவங்க எல்லார்லயும் இவர்தான் காரணம் சொன்னாரு. ரெண்டு சனிக்கிழமை போய் அந்தப் பசங்க கூட உக்காந்து வேலை முடிச்சுக் குடுத்தேன், ஏன் வந்தேன்னு அவங்களுக்குத் தெரியாது.

இப்பலாம் யாராச்சும் "யார்கிட்டயும் சொல்லாத"ன்னு ஆரம்பிச்சா, "நானா சொல்ல மாட்டேன், ஆனா நேரா மூஞ்சியப் பாத்துக் கேட்டா பொய் சொல்ல மாட்டேன், ஓகேன்னா சொல்லு"ங்கிறேன். போன வாரம் ஒருத்தன் ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு, "அப்ப விடுறா"ன்னு கிளம்பிட்டான்.