பாலிஷ் போதும், பெயிண்ட் வேணாம்

ரெண்டு மாசமா என் பழைய காரு ஸ்டாண்டு மேலதான் நிக்குது. மொத்த பெயிண்ட்டையும் சுரண்டிட்டு புதுசா அடிச்சிடலாம்னுதான் மொதல்ல நெனச்சேன், நல்லவேளை கதவு பீடிங் ரப்பரை உரிச்சுப் பாத்தேன், உள்ள விரல் அகலத்துக்கு ஃபேக்டரி கலர் வெயிலே படாம பளபளன்னு இருக்கு, வெளிய வெளுத்துக் கெடக்குறது இதேதான்னு நம்பவே முடியல.

அப்புறம் என்ன, 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணி தொட்டுத் தேய்க்கிற ரொம்ப நைஸான உப்புத்தாள்), சோப்புத்தண்ணி, கொஞ்சம் காம்பவுண்ட், அதாவது பாலிஷ் போடுற பேஸ்ட். பழைய பெயிண்ட்ல மேல கிளியர் கோட், அதாவது கலருக்கு மேல அடிக்கிற நிறமில்லாத பூச்சு, கெடையாதுங்க, அதனால துணியில கலரே ஒட்டிட்டு வரும், பயந்துடாதீங்க. ஆனா பானட் மடிப்பு, ஓரம் இங்கெல்லாம் பெயிண்ட் ரொம்ப மெலிசு. நான் ஒரு எடத்துல ஆர்வக்கோளாறுல நாலு தேய் கூட தேச்சேன், பெயிண்ட்டுக்கு அடியில இருக்குற பிரைமர் பூச்சு சாம்பல் கலர்ல எட்டிப் பாக்குது. அது அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

போல்ட்டெல்லாம் பழசையே பிரஷ் போட்டுத் தேச்சு திரும்ப மாட்டுறேன். பளபளன்னு ஸ்டெயின்லெஸ் போட்டா எனக்கு என்னமோ பொய்ப்பல்லு மாதிரிதான் தெரியுது.

ஆனா பிரேக் ஹோஸ்ல, அதான் வீலுக்கு பிரேக் ஆயில் போற ரப்பர் குழாய்ல மட்டும் ஒரிஜினல் கிரிஜினல் பேச்சே கெடையாது. வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கும், உள்ள ரப்பர் உப்பி ஆயில் போற வழியை அடைச்சிடும், பெடல மிதிச்சா ஆயில் போகும், விட்டா திரும்பி வராது, வீல் புடிச்சுக்கும். நாலையும் புதுசு போட்டாச்சு, கழட்டுனதை பேர் எழுதி டப்பால போட்டு வெச்சிருக்கேன். வீட்டுல கேட்டா குப்பைன்றாங்க.

அடுத்தது கார்புரேட்டர்.