ஆறு ஒயரிலும் ஒரே கரண்ட்தான் போகிறதா? கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்த கதை

ஒருவழியாகக் கணக்கு நேராகிவிட்டது. கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் கொண்டுபோகும் 16 பின் கேபிளில் இருக்கும் ஆறு 12 வோல்ட் ஒயர்களையும் தனித்தனியாக அளந்து கூட்டினால் 24.9 ஆம்பியர். கார்டின் அளவுகளைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் அதே நேரத்தில் 16 பின் பவர் 299 வாட்டை ஒட்டி நிற்கிறது. 12-ஆல் பெருக்கிப் பாருங்கள், சரியாக உட்காரும். கூட்டுத்தொகை ஒத்துவராத வரைக்கும் தனி ஒயரின் அளவை எவ்வளவு பார்த்தாலும் பிரயோசனம் இல்லை. அதனால்தான் இதுவரை எதுவும் எழுதவில்லை.

கார்டு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4080, 320 வாட். சூட்டில் உருகிய கனெக்டர் படங்களில் அடிக்கடி வரும் 4090 இல்லை. ஆனால் கனெக்டர் அதே கனெக்டர்தானே.

இதில் இறங்கக் காரணம், புதுக் கார்டு வருகிறது என்றாலே கிளம்பும் வதந்திகள். கெப்பாசிட்டர் சரியில்லையாம், சிலிக்கானிலேயே கோளாறாம், மின்சாரம் தாங்காதாம். ஒவ்வொரு தலைமுறைக்கும் இதைப் படித்துப் படித்து ஒன்று புரிந்தது: கோளாறு இருக்கும் என்று சொல்வது பல நேரம் பலித்துவிடும், எங்கே இருக்கும் என்று சொல்வதுதான் தப்பும்.

2022 டிசம்பர் 13 அன்று ஏஎம்டியின் 7900 எக்ஸ்டிஎக்ஸ் வந்ததை ஒட்டி, சிப்பில் ஷேடர் ப்ரீஃபெட்ச் என்ற வசதி வேலை செய்யவில்லை, திருத்தாத முதல் பதிப்பான ஏ0 சிலிக்கானை அப்படியே கட்டி விற்கிறார்கள் என்று ஒரே பேச்சு. ஏஎம்டி மறுத்தது. எல்லோரும் சிப்பையே முறைத்துக்கொண்டிருக்க, உண்மையான கோளாறு ஹீட்சிங்க்கில் இருந்தது. ஏஎம்டியின் சொந்த வடிவமைப்புக் கார்டுகளில் ஒரு பகுதிக்கு, சிப்பின் சூட்டைக் கடத்தும் வேப்பர் சேம்பருக்குள் தண்ணீர் போதவில்லை. ஹாட்ஸ்பாட், அதாவது சிப்பின் மிகச் சூடான புள்ளி, 110 டிகிரியைத் தொட்டது. 2023 ஜனவரியில் ஒத்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தார்கள். தண்ணீர் குறைவு என்று எந்த வதந்தியாவது சொன்னதா?

2020-இல் என்விடியாவின் 3080 வந்தபோது 2 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் போனாலே கேம் மூடிக்கொண்டது. போஸ்கேப் வகைக் கெப்பாசிட்டர் போட்டதால்தான், எம்எல்சிசி வகை போட்டிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். கார்டைத் திருப்பிப்போட்டுக் கெப்பாசிட்டர் எண்ணாத ஆளே இல்லை. அதில் விஷயமும் இருந்தது. ஆறு போஸ்கேப் வைத்த வடிவம் தங்கள் சோதனையில் தேறவில்லை என்று அப்போது கார்டு தயாரித்துக்கொண்டிருந்த இவிஜிஏ நிறுவனமே சொன்னது. ஆனால் மாத முடிவுக்குள் 456.55 டிரைவர் வந்ததும் பெரும்பாலோருக்குப் பிரச்சினை போய்விட்டது. 2025-இல் 5090 கார்டுகள் சிலவற்றில், பிக்சல்களை எழுதி முடிக்கும் ஆர்ஓபி அலகுகள் 176-க்குப் பதில் 168 மட்டும் இருந்ததே, அதை எந்த வதந்திக்காரரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வாங்கியவர்கள் ஜிபியு-இசட்டைத் திறந்து பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அரை சதவீதத்துக்கும் குறைவான கார்டுகள்தான் என்று என்விடியா பிறகு சொன்னது.

வெளியீட்டுக்கு முன்பே சொல்லி, இடமும் சரியாக இருந்தது இந்தக் கனெக்டர் விஷயம்தான். 4090 வந்தது 2022 அக்டோபர் 12. அதற்கு முந்தைய மாதமே, 12விஹெச்பிடபிள்யூஆர் என்ற இந்த 16 பின் கனெக்டர் சில சூழ்நிலைகளில் சூடேறுகிறது என்று, இதற்கான தரத்தை வகுக்கும் பிசிஐ-சிக் அமைப்பு தன் உறுப்பினர்களுக்கு அனுப்பிய எச்சரிக்கை வெளியே வந்துவிட்டது. அளந்து பார்த்துச் சொன்னது என்பதால் பலித்தது. கார்டு கடைக்கு வந்த சில வாரங்களில் உருகிய படங்கள் வர ஆரம்பித்தன. நவம்பரில் என்விடியா, உலகம் முழுக்க சுமார் 50 கேஸ், கனெக்டரை முழுவதும் செருகாததே பொதுவான காரணம் என்றது. அப்புறம் 12வி-2x6 என்று திருத்திய வடிவம் வந்தது. பவர் பின்களை கால் மில்லிமீட்டர் நீட்டி, கேபிள் எவ்வளவு பவர் தரும் என்று கார்டுக்குச் சொல்லும் சென்ஸ் பின்களை ஒன்றரை மில்லிமீட்டர் குறைத்தார்கள். அரைகுறையாகச் செருகினால் கார்டுக்கு பவரே வராது.

அத்தோடு தீர்ந்ததா? 2025 பிப்ரவரியில், டெர் பவுவர் என்ற பெயரில் வீடியோ போடும் ஜெர்மனிக்காரர் ரோமன் ஹார்ட்டுங் 5090-இல் கிளாம்ப் வைத்துப் பார்த்தார். ஒழுங்காகச் செருகிய கேபிளிலேயே ஒரு ஒயரில் 20 ஆம்பியருக்கு மேல் ஓடியது, பக்கத்து ஒயர்களில் சொற்பம். எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) பக்கத்துக் கனெக்டர் 150 டிகிரி. அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து நம் கேபிளில் என்ன ஓடுகிறது என்று தெரிந்தே ஆக வேண்டும் போலிருந்தது.

சரி, அளக்கும் கதை. தேவை, ஒயரை வெட்டாமல் வாய்க்குள் பிடித்தே டிசி கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர். இதில் ஏமாற நிறைய வாய்ப்பு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் "இதுல எல்லாம் வரும் சார்" என்று ஒன்றை நீட்டினார். டயலில் ஆம்பியர் பக்கம் ஏசிக்கான அலைக்குறி மட்டும்தான் இருக்கிறது, டிசிக்கான நேர்கோடு இல்லை. கேட்டால் வோல்ட் பக்கத்தைக் காட்டி "டிசி இருக்கே" என்கிறார். அது எலக்ட்ரீஷியன் மீட்டர், ஏசி கரண்ட் மட்டும்தான் எடுக்கும். திருப்பிக் கொடுத்துவிட்டு ஆன்லைனில் யூனி-டி யூடி210இ வாங்கினேன். சின்ன வாய், 20 ஆம்பியர் ரேஞ்ச் உண்டு, இந்த வேலைக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி.

மீட்டர் இருந்தால் மட்டும் போதாது. ஜீரோ அடிப்பதுதான் பாதி வேலை. டிசி கிளாம்ப் காந்தப் புலத்தைப் பார்த்துக் கரண்டைச் சொல்வது, எனவே கையில் திருப்பிப் பிடித்தாலே கடைசி இலக்கங்கள் ஆடும். கேஸ் ஃபேன் பக்கத்தில் கொண்டுபோனால் இன்னும் மோசம். எனக்கு ஒத்துவந்த முறை: மெஷினை ஆஃப் செய்து, ஒயரை வாய்க்குள் விட்டு, அளக்கப்போகும் அதே இடத்தில் அதே கோணத்தில் பிடித்து ஜீரோ அடித்துவிட வேண்டும். அப்புறம் ஆன் செய்து, கார்டுக்கு முழுச் சுமை கொடுக்கும் ஃபர்மார்க் மென்பொருளை ஓட்டி, வாட் ஓரிடத்தில் நிலைத்த பிறகு படிக்க வேண்டும். ஒயர் வாயின் நடுவில் இருக்கட்டும், ஓரத்தில் உரசினால் எண் மாறுகிறது. ஒவ்வொரு ஒயருக்கும் இதே பூஜை. பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே விட்டுவிடுவது நல்லது.

ஒயர்களைப் பிரிப்பதும் லேசில்லை. ஒயர்களை வரிசையாகப் பிடித்திருக்கும் கேபிள் சீப்புகளைக் கழற்றிவிட்டு, கேபிளின் நடுப்பகுதியில் ஒரு ஐஸ் குச்சியை நுழைத்து ஒரு ஒயரை மட்டும் தூக்கி எடுத்தேன். கனெக்டரை ஒட்டி வளைக்கவே கூடாது. குறைந்தது 35 மில்லிமீட்டராவது நேராக இருக்க வேண்டும். எல்லா ஒயரும் கறுப்பு என்பதால் எது 12 வோல்ட், எது கிரவுண்ட் என்ற குழப்பத்துக்கும் மீட்டரே பதில் சொல்லிவிடும். அம்புக்குறியை ஒரே பக்கம் வைத்துப் பிடித்தால் கிரவுண்ட் ஒயரில் மைனஸ் காட்டும்.

புது கேபிளில் வந்த அளவுகள்: 4.6, 4.4, 4.1, 4.3, 3.9, 3.6. பிரமாதம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கவலைப்பட ஒன்றுமில்லை. அடுத்து, பல தடவை கழற்றி மாட்டிய பழைய கேபிள். 6.8, 5.1, 4.4, 3.7, 2.9, 1.9. கூட்டுத்தொகை ஏறக்குறைய அதேதான், பங்கீடு மட்டும் தாறுமாறு. கார்டு மூச்சு விடவில்லை, ஸ்கிரீனில் ஒரு எச்சரிக்கையும் கிடையாது. இந்தக் கனெக்டரை 30 தடவை மாட்டிக் கழற்றத்தான் வடிவமைத்திருக்கிறார்கள் என்பதைச் சோதனை மேசை வைத்திருக்கும் நம் போன்றவர்கள் மறந்துவிடுகிறோம்.

ஏன் இப்படி என்பதற்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. 16 கேஜ் செம்பு ஒயர் மீட்டருக்கு 13 மில்லிஓம் சொச்சம். 60 சென்டிமீட்டர் கேபிளில் 8 மில்லிஓம். பின் தொடும் இடத்திலும் சில மில்லிஓம்கள்தான். அங்கே ஒன்றிரண்டு கூடினாலோ குறைந்தாலோ கரண்ட் வேறு ஒயரைப் பார்த்துப் போய்விடும். வேடிக்கை என்னவென்றால், மெல்லிய நீள ஒயரின் தடைதான் பங்கீட்டை ஓரளவு சமமாக வைத்திருக்கிறது. குட்டையான, தடித்த கேபிள் போட்டால் பின்களுக்குள் இருக்கும் வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும். சூடோ கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 6 மில்லிஓம் தொடர்பில் 8.3 ஆம்பியர் ஓடினால் அரை வாட்டுக்குள் அடங்கும், 20 ஆம்பியர் ஓடினால் 2.4 வாட். 3 மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கி வைத்த பின்னுக்குள் அந்தச் சூடு எங்கே போகும்?

600 வாட் என்றால் பின்னுக்கு 8.3 ஆம்பியர், பின்னின் தாங்கு அளவு 9.5-ஐ ஒட்டித்தான். பழைய 8 பின் கனெக்டருக்கு விதிப்படி 150 வாட்தான், அதில் கிட்டத்தட்ட இருமடங்கு தாங்கும் தெம்பு இருந்தது. இன்னொரு எரிச்சல்: 3090 டிஐ-யில் ஆறு பின்களையும் மூன்று ஜோடியாகப் பிரித்து ஜோடிக்கு ஒரு ஷண்ட் (கரண்டை அளக்க உதவும் சிறு தடை) வைத்திருந்தார்கள், ஒரு ஜோடி செத்தால் கார்டுக்குத் தெரியும். 4090-இலிருந்து ஆறையும் ஒன்றாக இணைத்துவிட்டார்கள். ஒரே ஒயரில் முழுவதும் வந்தாலும் கார்டுக்குத் தெரியாது. இருந்ததை எடுத்துவிட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அசூஸின் ஆஸ்ட்ரல் 5090-இல் பின்னுக்குப் பின் ஷண்ட் வைத்து மென்பொருளில் காட்டுகிறார்கள். முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. இனி எந்தப் புதுக் கார்டு வந்தாலும் நான் முதலில் தேடப்போவது போர்டு படத்தில் ஷண்ட் எத்தனை என்பதைத்தான்.

பழைய கேபிள் குப்பைக்குப் போகவில்லை, சோதனைக்கு வேண்டும். ஏனென்றால் அடுத்த திட்டம் ரெடி: ஆறு ஒயருக்கும் ஆளுக்கு ஒரு 1 மில்லிஓம் ஷண்ட், ஆளுக்கு ஒரு ஐஎன்ஏ226 அளவீட்டுச் சிப், எல்லாவற்றையும் படிக்க ஒரு இஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலர். ஐஎன்ஏ226-இன் ஷண்ட் ரேஞ்ச் 81.92 மில்லிவோல்ட் வரை, 20 ஆம்பியர் ஓடினாலும் 20 மில்லிவோல்ட்தான், தாராளம். சங்கடம் ஒன்றுதான்: நடுவில் போர்டு வைத்தால் கூடுதலாக ஒரு ஜோடிக் கனெக்டர் வரும், உருக இன்னொரு இடம். கேபிள்மாட் நிறுவனத்தின் வளைந்த அடாப்டர்கள் 25,300-ஐ 2024 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது ஞாபகம் இருக்கும். அதனால் கனெக்டரே வைக்காமல் ஒயரை வெட்டி நேரடியாகப் போர்டில் சால்டர் செய்துவிடலாம் என்று ஓடுகிறது யோசனை. இல்லை, கனெக்டர்தான் என்றால் இந்தச் சின்ன டெர்மினலுக்குச் சரியான கிரிம்பிங் டூல் (ஒயர் நுனியில் டெர்மினலை அழுத்திப் பிடிக்கவைக்கும் கருவி) வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எங்கே கேட்டாலும் 4.2 மில்லிமீட்டர் பின்னுக்கானதைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். யாரிடமாவது நல்லது இருந்தால் எங்கே வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.

ஆமாம், கிரவுண்ட் ஒயர்கள் ஆறையும் இன்னும் அளக்கவில்லை. திரும்பும் கரண்டில் கொஞ்சம் ஸ்லாட், மதர்போர்டு வழியாகவும் போய்விடும் என்பதால் அங்கே கூட்டுத்தொகை இவ்வளவு அழகாக ஒத்துவராது. மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கேபிளையும் சேர்த்து அளக்க வேண்டும். அதை முடிக்காமலே போர்டு வரைய உட்கார்ந்துவிட்டேன்.