சற்று முந்தி விழும் ஸ்னேர்

ராத்திரி முழுக்க ஹெட்போனில் ஹிப்ஹாப் இசையமைப்பாளர் ஜே டில்லாதான். 1974-இல் டெட்ராயிட்டில் பிறந்தவர். ஸ்லம் வில்லேஜ் குழுவில் தொடங்கி, காமன், எரிக்கா பாடு என்று பல கலைஞர்களுக்கு பீட், அதாவது பாட்டுக்கு அடியில் ஓடும் தாள இசை, செய்து கொடுத்தவர்.

அவருடைய கருவி அகாய் எம்பிசி 3000, பதிவான ஒலிகளைத் தட்டித் தாளம் அமைக்கும் மெஷின். அதன் பேடை, அதாவது ரப்பர் பொத்தானை, விரலால் தட்டும்போது அடி பிசகினால், மெஷினே அதை இழுத்துச் சரியான இடத்தில் உட்கார வைத்துவிடும். டில்லா பல இடங்களில் அந்த வசதியை அணைத்து வைத்தார். வேண்டுமென்றே சில ஒலிகளை அவற்றின் நேரத்திலிருந்து சற்றுத் தள்ளியும் வைத்தார். ஹைஹேட் (ஜோடித் தாளத்தட்டு) நேராகப் போகும், ஸ்னேர் (சுளீரென்று ஒலிக்கும் டிரம்) ஒரு மயிரிழை முந்தும், அதனால் கிக் (கனத்த ஒலியுள்ள பெரிய டிரம்) சோம்பலாக வருவதுபோல் இருக்கும். முதல்முறை கேட்டபோது எனக்குத் தலை தானாக ஆடிவிட்டது, ஏன் என்றுதான் புரியவில்லை.

அப்புறம் நோய். அரிய ரத்தக் கோளாறு, கூடவே உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ். லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவமனைப் படுக்கையிலும் ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் சின்ன சாம்ப்ளரும் ரெக்கார்ட் பிளேயரும் வைத்து வேலை பார்த்தார். விரல்கள் வீங்கிவிடும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நீவிவிடுவார், டில்லா மறுபடி தட்டுவார். இதை நினைக்காமல் என்னால் அவர் பீட்டைக் கேட்க முடிவதில்லை.

‘டோனட்ஸ்’ ஆல்பம் 2006 பிப்ரவரி 7, அவருடைய 32-வது பிறந்தநாளில் வெளியானது. மூன்றே நாளில் போய்விட்டார்.

அந்த எம்பிசி இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒருநாள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.