கடலில் பிடித்ததா, தொட்டியில் பிறந்ததா: கோமாளி மீன் நாட்குறிப்பு

3 மார்ச் 2024

தனிமைத் தொட்டிகள் இரண்டிலும் இன்று மீன் இறங்கியது. ஒன்றில் கடலில் பிடித்த ஓசெல்லாரிஸ் (கோமாளி மீனின் ஓர் இனம்) ஜோடி: பெண் 7.5 செ.மீ., ஆண் 5 செ.மீ. மற்றதில் பண்ணையில் பொரித்த எட்டுக் குஞ்சுகள். எட்டும் 3 செ.மீ. அளவை ஒட்டியவை.

அளவுதான் முதல் துப்பு. ஒரே ஈட்டுக் குஞ்சுகளைத் தரம் பிரித்து வளர்ப்பதால் பண்ணை மீன் அச்சில் வார்த்ததுபோல் வரும். கடலில், கோமாளி மீன் குடியிருக்கும் கடற்சாமந்தி என்ற உயிரி ஒன்றில் பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றதெல்லாம் வளர்ச்சியை அடக்கிக்கொண்டு காத்திருக்கும் சிறுசுகள். ஆனால் சிறுசும் வலையில் சிக்கும், பண்ணையிலும் ஜோடி சேர்த்து விற்பார்கள். அளவை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

4 மார்ச்

கடல் ஜோடியின் தோலில் படலம் இல்லை, மூச்சு சீராக இருக்கிறது. புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி பெரும்பாலும் புதிதாகப் பிடித்த கோமாளி மீன்களோடுதான் வந்து சேரும். தோல் வெண்மையாகி, சளி துண்டு துண்டாக உரியும். ஓரிரு நாளில் மீன் போய்விடும். கண்டால் தாமதிக்காமல் தனிப் பாத்திரத்தில் 37 சதவீத ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடு கரைசல்), 10 லிட்டருக்கு 1.5 மில்லி, அதிகபட்சம் 45 நிமிடம், காற்றுக்கல் முழு வேகத்தில். ஃபார்மலின் நீரின் ஆக்சிஜனை இழுக்கும் என்பதால் காற்றோட்டத்தைக் குறைக்கவே கூடாது. அடியில் வெள்ளைப் படிவு தங்கிய புட்டியைத் தொடாதீர்கள். அது பாராஃபார்மால்டிஹைடு, மீனைக் கொல்லும்.

7 மார்ச்

இன்று முகம் மட்டும் பார்த்தோம். பண்ணை மீனைப் பிரித்தறிய இதைவிட நல்ல இடம் கிடையாது.

6 செ.மீ. அகல அக்ரிலிக் பெட்டியில் அதே தொட்டி நீரை ஊற்றி, ஒரு மீனை விட்டு, பக்கவாட்டு விளக்கில் மூன்று நிமிடத்துக்குள் படம் எடுத்து முடிக்க வேண்டும். இடது, வலது, நேர் முகம், மேலிருந்து என நான்கு கோணங்கள். பலரும் ஒரு பக்கம் மட்டும் பார்த்து ஏமாறுவார்கள்.

செவுள் மூடி குட்டையாக இருந்தால் மூடிய நிலையிலும் ஓரத்தில் சிவப்பு தெரியும். நேர் முகத்தில் ஒரு கன்னம் விரிந்து நிற்கும். தாடை கோளாறு என்றால் வாய் முழுதாக மூடாது, அல்லது மேல் உதடு உள்வாங்கி முகம் நாய்க்குட்டிபோல் மொட்டையாக இருக்கும். மேலிருந்து பார்த்தால் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருப்பதும், பக்கத்திலிருந்து பார்த்தால் முதுகு குழிந்திருப்பதும், உடல் நீளம் குறைந்து உருண்டை கட்டியிருப்பதும் தெரியும். எட்டில் 2-ஆம் குஞ்சுக்கு வலது செவுள் மூடி குட்டை. மற்ற ஏழின் முகமும் சுத்தம்.

கோளாறின் வேர் முதல் இரண்டு வாரம். முட்டை ஒரு வாரம் பத்து நாளில் இருட்டிய பிறகு பொரியும். குஞ்சின் முதல் தீனி ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரி. வெறும் ஈஸ்ட் தின்ற ரோட்டிஃபரில் டிஎச்ஏ கொழுப்பு அமிலம் போதாது. செறிவூட்டாமல் கொடுத்தாலும், செறிவூட்டிய ரோட்டிஃபரைப் பல மணி நேரம் பட்டினியில் வைத்திருந்து கொடுத்தாலும் அதே குறைதான். குஞ்சுகள் பளபளக்கும் சுவரை நோக்கிப் பாய்ந்து மூக்கை முட்டிக்கொள்ளும். சுவரைக் கறுப்பாக்குவது அதற்காகத்தான்.

இங்கே ஒன்றை மறந்துவிடுகிறோம். கடலிலும் கோணல் குஞ்சுகள் பிறக்கின்றன, ஆனால் அவை நம் கண்ணில் படுமுன் யாருக்கோ இரையாகிவிடும். கடல் மீன் திருத்தமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அந்தக் களையெடுப்பு. பண்ணையில் அந்த வேலையை மனிதன் செய்ய வேண்டும்; செய்யாத பண்ணையின் மீன் முகத்திலேயே அது தெரிந்துவிடும்.

15 மார்ச்

வெள்ளைப் பட்டைகள். ஓசெல்லாரிஸுக்கு மூன்று: தலையில், நடு உடலில், வால் அடியில். நடுப்பட்டை முன்பக்கம் புடைத்திருப்பது இயல்பு. கடல் ஜோடிக்கு மூன்றும் இருபுறமும் முழுசு. குஞ்சுகளில் 4-ஆவதற்கு நடுப்பட்டை இடப்பக்கம் பாதியோடு நிற்கிறது, வலப்பக்கம் முழுசு. 7-ஆவதற்கு வால் பட்டை மேலே மட்டும் ஒரு பொட்டு.

பட்டை, குஞ்சு உருமாறும் நாட்களில் தைராய்டு ஹார்மோனின் கட்டளையில் உருவாகிறது. முன்னிருந்து பின்னாக வரும், வால் பட்டை கடைசி. பாப்புவா நியூ கினியின் கிம்பே விரிகுடாவில் பெர்குலா என்ற நெருங்கிய இனத்தின் குஞ்சுகளை ஆராய்ந்து 2021-இல் வந்த கட்டுரை ஒன்று இதைக் காட்டியது: ஸ்டிகோடாக்டைலா ஜைஜாண்டியா சாமந்தியில் குடியேறியவற்றுக்கு, ஹெட்டராக்டிஸ் மேக்னிஃபிகாவில் குடியேறியவற்றைவிடப் பட்டை சீக்கிரம் வந்தது, தைராய்டு ஹார்மோன் அளவும் அவற்றில் கூடுதல். கடலிலேயே இடத்துக்கு இடம் பட்டையின் வேகம் மாறுகிறது என்றால், தொட்டியில் தீனியும் நெரிசலும் மாறும்போது பட்டை தடுமாறுவதில் வியப்பில்லை.

அரைப்பட்டை அழகுக் குறைதான், நோயில்லை. 2-ஆம் குஞ்சின் செவுள் அப்படியல்ல. கடைக்காரர் இரண்டையும் ஒரே விலைக்குறைப்பில் தள்ளினால் 4-ஐ எடுங்கள், 2-ஐ விடுங்கள்.

22 மார்ச்

துடுப்புகள். கடல் பெண்ணின் வாலில் ஆறிய வெட்டு ஒன்று. அந்த இடத்தில் கதிர்கள் சற்றுக் கோணலாகச் சேர்ந்திருக்கின்றன. குஞ்சுகளில் இரண்டின் வால் ஓரம் மழுங்கல், நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்தியதன் தடம். இடம் தாராளமானால் வளர்ந்துவிடும். சுருண்ட மார்புத் துடுப்பு நேராகாது.

இனச்சீட்டில் சந்தேகம் வந்தால் முதுகுத் துடுப்பு விரிந்த படத்தில் முட்களை எண்ணலாம்: ஓசெல்லாரிஸுக்கு வழக்கமாக 11, பெர்குலாவுக்கு 10. கலப்பினமானால் இந்தக் கணக்கு உதவாது.

6 ஏப்ரல்

நிறம். வந்த அன்று கடல் ஜோடி செங்காவி, குஞ்சுகள் வெளிர் ஆரஞ்சு. பார்த்தவர் எல்லாரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள், ஆனால் இது மிகவும் பலவீனமான அடையாளம். ஆரஞ்சு நிறத்துக்கான கரோட்டினாய்டுகளை மீன் தானே தயாரிக்காது, தின்று சேர்க்கிறது. அஸ்டாக்ஸாந்தின் என்ற கரோட்டினாய்டு கலந்த குருணை, சைக்ளாப்ஸ் என்ற நுண் நீர்ப்பூச்சி கொடுக்கத் தொடங்கி ஒரு மாதம். குஞ்சுகளின் நிறம் கூடியிருக்கிறது. கடல் மீனை வெறும் குருணையில் விட்டால் அதுவும் வெளிறும்.

விசித்திர வடிவங்களும் அப்படியே. வெள்ளை ஒழுங்கற்றுப் பரவிய ஸ்னோஃப்ளேக் ஓசெல்லாரிஸ் விற்பனைக்கு வந்தால் பண்ணை என்று துணிந்து சொல்லலாம். ஆனால் ஆஸ்திரேலியாவின் டார்வின் பக்கத்துக் கறுப்பு ஓசெல்லாரிஸ் கடலிலேயே அப்படி. மின்னல் கோடு போட்ட மெரூன் கோமாளி மீன் முதலில் பாப்புவா நியூ கினிக் கடலிலிருந்துதான் வந்தது.

20 ஏப்ரல்

மறுபடம். அதே பெட்டி, அதே விளக்கு. 7-இன் வால் பட்டை பொட்டிலிருந்து கீழே இறங்கி முக்கால்வாசி வந்திருக்கிறது. 4-இன் அரைப்பட்டை அசையவே இல்லை. 2-இன் செவுள் மூடியும் அப்படியே, ஓரத்தில் அதே சிவப்பு. அதைத் தனியாக, ஓட்டம் மிதமான தொட்டிக்கு மாற்றினோம். குஞ்சு ஈனும் ஜோடியில் அதைச் சேர்ப்பதில்லை.