ஒரு சட்டி, ஒரு கோப்பை, இரண்டு கரண்டி

2024 அக்டோபர் 29

புகலிடம் கேட்டு, லண்டன் குரொய்டனில் லூனார் ஹவுஸ் என்ற உயரமான கட்டடத்தில் காலையிலிருந்து மாலை வரை இருந்தேன். கைரேகை, படம், முதல் விசாரணை. இரவு பதினொன்றரைக்கு ஒரு வேன் கொண்டுவந்து இங்கே இறக்கியது. ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில், புகலிடம் கேட்பவர்களை அரசு தங்கவைக்கும் ஒரு ஹோட்டல். பெயர் எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கு வாசலில் எங்களை வேண்டாம் என்று யார் கொடியோடு வந்து நிற்பார்களோ தெரியாது. என் பெயரும் வேண்டாம். வந்த வழியைப் பற்றி லோயர் வாயே திறக்காதே என்றுவிட்டார். ஆகவே இருக்கிற இடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அறையில் இரண்டு கட்டில். மற்றதில் ஓர் எரித்திரியாக்காரர், தலையையும் மூடிப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். ஜன்னல் நான்கு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது. தண்ணீர் கொதிக்கவைக்கும் கெற்றில் இல்லை. வைத்திருந்தால் எடுத்துப் போய்விடுவார்களாம்.

அம்மாவுக்கு ஹோட்டலில் இருக்கிறேன் என்று போனில் சொன்னேன். வவுனியாவில் அந்தச் சொல் எப்படிக் கேட்டிருக்குமோ, "எத்தனை ஸ்டார் அண்ணா?" என்று தங்கை பின்னாலிருந்து கத்துகிறாள்.

2024 நவம்பர் 14

இங்கே ஆட்களை இலக்கத்தால்தான் அடையாளம் சொல்கிறோம். "அவர் இன்னும் 98", "இவருக்கு 95 வந்திட்டுது". 1999ஆம் ஆண்டுக் குடிவரவு, புகலிடச் சட்டத்தின் பிரிவுகள் அவை. ஒன்றுமில்லாமல் நிற்பவருக்கு அவசரக் கூரை 98. உண்மையிலேயே வழியற்றவர்தான் என்று தாள்களைப் பார்த்துத் தீர்மானித்த பிறகு 95. நான் 98.

மூன்று நேரமும் சாப்பாடு வருகிறது. சோறும் வருகிறது, ஆனால் அது யாரோ சோற்றைப் பற்றிக் கேள்விப்பட்டுச் சமைத்ததுபோல இருக்கிறது. குறை சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்லாமலும் முடியவில்லை. மூன்று வாரமாக வெங்காயம் தாளிக்கும் மணம் மூக்கில் படவில்லை. ஒரு மனிதனுக்கு இது இவ்வளவு பெரிய விஷயமாகும் என்று நான் நினைத்ததே இல்லை.

சாப்பாடு தருகிறபடியால் கைக்காசு வாரத்துக்கு 8.86 பவுண்ஸ்தான். அஸ்பென் காட் என்ற அட்டையில் விழும். லண்டன் பஸ் ஒரு தடவைக்கு 1.75. ஐந்து தடவை ஏறினால் 8.75. மிச்சம் 11 பென்ஸ். லோயரிடம் போய்வர இரண்டு, கோயிலுக்குப் போய்வர இரண்டு, ஐந்தாவது பஸ் ஒரு வழிப் பயணம். நடப்பதற்கு ஒரு நல்ல சப்பாத்து வேண்டும்.

வேலை? எனக்குத் தந்த அடையாள அட்டையிலேயே வேலைத் தடை என்று அடித்திருக்கிறது. பன்னிரண்டு மாதம் முடிவு வராமல் கிடந்தால் அனுமதி கேட்கலாம், அதுவும் ஆள் தட்டுப்பாடு என்று அரசு பட்டியல் போட்ட வேலைகளுக்கு மட்டும்.

2024 டிசம்பர் 18

இரவு முழுக்க டியேகோ கார்சியாச் செய்தியை வாசித்தேன். 2021 அக்டோபரில் கனடாவுக்கென்று படகேறிப் போன எங்கள் ஆட்கள், நடுக்கடலில் ஆபத்தில் மாட்டி, இந்து சமுத்திரத்தில் பிரிட்டன் வைத்திருக்கும் அந்தத் தீவில் கரை ஏற்றப்பட்டார்கள். அமெரிக்கப் படைத்தளம் இருக்கிற தீவு. மூன்று வருடத்துக்கு மேல் கூடாரம், சுற்றிவர வேலி, கூடாரத்துக்குள் எலி. இந்த மாதம்தான் அவர்களில் பெரும்பாலானோரை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது நீதிபதி, அங்கே அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்.

இதே ஹோட்டலில் இருக்கும் கிளிநொச்சி அண்ணை கேட்டுவிட்டு, "எங்கட சனத்துக்குக் கூடாரம் புதுசே தம்பி?" என்றார்.

புதிது இல்லைதான். போர் முடிந்த 2009இல் எனக்குப் பதினான்கு வயது. செட்டிகுளம் மனிக்பாமில், இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த இராமநாதன் முகாம். முகாம்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி என்று எங்கள் பெரிய மனிதர்களின் பெயர்களையே வைத்திருந்தார்கள். சேர் பட்டம் பெற்ற இராமநாதனின் பெயரில் தறப்பாள் கொட்டில். ஆறு மாதம் என்றார்கள், தற்காலிகம் என்றார்கள். அங்கே கொடுத்த அலுமினியச் சட்டியில்தான் அம்மா இன்றைக்கும் சோறு வடிக்கிறார்.

2025 ஜனவரி 15

நேற்றுப் பொங்கல். ஹாரோவில் இருக்கும் மாமி டப்பாவில் பொங்கல் கொண்டுவந்தார். உள்ளே விடமாட்டார்கள். வாசலில், குளிரில், காவலாளி பார்த்துக்கொண்டிருக்க நின்றபடியே சாப்பிட்டேன். காவலாளி ஒரு நைஜீரியர். அவருக்கும் ஒரு கரண்டி கொடுத்தோம். இன்னொரு கரண்டி கேட்டார்.

2025 மார்ச் 6

95 வந்துவிட்டது. கூடவே கதவுக்குக் கீழால் ஒரு தாள்: நாளை மறுநாள் காலை ஒன்பதுக்கு இரண்டு பையோடு கீழே நிற்கவும். ஊர் மிடில்ஸ்பரோ.

வரைபடத்தில் தேடினேன். லண்டனிலிருந்து 400 கிலோமீற்றர் வடக்கே, கடலுக்குப் பக்கத்தில். எங்கே போடுவது என்பதில் எங்களுக்குத் தெரிவே இல்லை, சட்டம் அப்படி. மாட்டேன் என்றால் உதவி நிற்கும். லோயர் இங்கே, மாமி இங்கே, கோயில் இங்கே. உதவி இலக்கத்துக்கு அடித்தேன். ஐம்பது நிமிடம் பியானோ கேட்டேன். பிறகு ஒரு பெண், மிக அன்பாக, "உங்கள் கவலையைக் குறித்துக்கொண்டேன்" என்றார்.

எரித்திரியாக்காரர் நான்கு மாதத்தில் முதல்முறையாக எழுந்து உட்கார்ந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் அழுததற்கு நான் காரணமா அல்லது புதிதாக யார் வரப்போகிறாரோ என்ற பயம் காரணமா என்று கேட்கவில்லை.

2025 மார்ச் 9

மாடி வீடு. ஐந்து பேர், ஐந்து அறை. எனக்கென்று ஒரு கதவு, அதற்கு ஒரு திறப்பு! நேற்றிரவு மூன்று தடவை பூட்டித் திறந்து பார்த்தேன்.

ஹவுசிங் ஒபிசர் ஒரு பட்டியலை நீட்டிக் கையெழுத்து வாங்கினார். போர்வை ஒன்று, தலையணை ஒன்று, சட்டி ஒன்று, கோப்பை ஒன்று, கப் ஒன்று, கரண்டி இரண்டு. (தமிழ்நாட்டு வாசகர்கள் கிண்ணம் என்று எண்ணிவிடாதீர்கள், எங்களுக்குக் கோப்பை என்றால் சாப்பிடுகிற தட்டு.) போகும்போது எல்லாம் இருக்க வேண்டும் என்றார். இரவு யாரையும் தங்கவைக்கக் கூடாது. மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார்.

அடுப்பு இருக்கிறது. நானே சமைப்பதால் இனிக் காசு வாரத்துக்கு 49.18. லிந்தோர்ப் வீதியில் பாகிஸ்தானியர் கடை ஒன்றில் வெங்காயம், செத்தல் மிளகாய், பருப்பு. இந்த வீட்டில் நான் செய்த முதல் காரியம் வெங்காயம் வதக்கியது. புகை மணி அலறி, மேலே இருந்த சூடான் பெடியன் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டான்.

2025 மார்ச் 23

ஏன் எங்களை இந்த ஊருக்கு அனுப்புகிறார்கள் என்பது தெருவில் நடந்தாலே தெரிகிறது. வீடு மலிவு. ஒரு காலத்தில் இரும்பால் வாழ்ந்த ஊர். சிட்னியின் பெரிய பாலத்தைக் கட்டியது இந்த ஊர்க் கம்பனி. பக்கத்தில் ரெட்கார் உருக்காலை 2015இல் மூடியது. இளசுகள் போய்விட்டார்கள், வீடுகள் வெறுமையாக நின்றன. எங்களைத் தங்கவைக்கும் ஒப்பந்தக்காரருக்கு ஒரு வீட்டில் எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் கணக்கு. பணக்கார ஊர்கள் எங்களைப் பத்திரிகையில் மட்டும் பார்க்கின்றன.

அடுத்த வீட்டுக் கிழவி என்னைப் "பெற்" என்று கூப்பிடுகிறார். செல்லம் என்பது மாதிரி. அவர்தான் சிவப்புக் கதவுக் கதையைச் சொன்னார். ஒன்பது வருடத்துக்கு முன்பு இங்கே அகதி வீடுகளின் கதவெல்லாம் சிவப்பு. வேண்டுமென்று செய்யவில்லை, மலிவாகக் கிடைத்த பெயின்ற் என்றுதான் வீட்டுக் கம்பனி சொன்னதாம். ஆனால் கல்லும் முட்டையும் எறிகிறவர்களுக்குத் தேடும் வேலை மிச்சம். 2016 ஜனவரியில் பத்திரிகையில் வந்து ஊர் நாறிய பிறகு அவசர அவசரமாக வேறு நிறம் அடித்தார்கள்.

போன வருடம் ஓகஸ்ட் 4? அதையும் சொன்னார். அன்றைக்கு இந்தப் பக்கத்துத் தெருக்களில் கும்பல் வீடு வீடாகக் கண்ணாடி உடைத்தது. காரை மறித்து, ஓட்டுபவர் வெள்ளையரா என்று கேட்டார்கள். அதே நாள் ரொதராமுக்குப் பக்கத்தில் அகதிகள் இருந்த ஹோட்டலுக்கே தீ வைக்கப் பார்த்தார்கள். அடுத்த நாள் காலை கிழவியும் ஊராரும் விளக்குமாறோடு வந்து கண்ணாடி கூட்டினார்களாம். "நான் உன் படியையும் கூட்டினேன், பெற்" என்றார். அப்போது என் படி இல்லை அது. ஆனாலும் நன்றி சொன்னேன்.

எங்கள் கதவு இப்போது கறுப்பு. வீட்டுக்குள் போகுமுன் கீழ் ஓரத்தில் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அடியில் வெள்ளைதான்.

2025 மே 10

அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் இந்த வாரம் கணக்குச் சொல்லியிருக்கிறது. எங்களைத் தங்கவைக்கும் பத்து வருட ஒப்பந்தங்கள் 2019இல் தொடங்கியபோது 4.5 பில்லியன் பவுண்ஸ் ஆகும் என்றார்கள். இப்போது 15.3 பில்லியன் என்கிறார்கள். தங்குபவர்களில் ஹோட்டலில் இருப்பவர்கள் 35 வீதம், செலவில் ஹோட்டலுக்குப் போவது 76 வீதம்.

நான் ஹோட்டலில் கிடந்த நாலு மாதமும் எனக்கு ஒரு நாளைக்கு ஒன்றேகால் பவுண் கிடைத்தது. நான் கிடந்ததற்காக நூற்றுக்கு மேல் யாருக்கோ போனது. ரொட்டிக் கடை வரிசையில் எனக்குப் பின்னால் நிற்பவர், அந்தக் காசு முழுவதும் என் சட்டைப் பையில் இருக்கிறது என்று நினைக்கிறார். அவரைக் கூப்பிட்டு அஸ்பென் காட்டின் மீதியைக் காட்ட முடிந்தால் நன்றாக இருக்கும்.

கொதிநீர் மூன்றாம் நாளாக இல்லை. குறித்துக்கொண்டிருக்கிறார்கள்.

2025 ஜூன் 19

நேற்றுப் பெரிய இன்ரவியூ. ஐந்து மணித்தியாலம். எழுத ஒன்றும் இல்லை. வந்து புட்டு அவித்தேன். மாமி தபாலில் அனுப்பிய யாழ்ப்பாணத் தூளில் கத்தரிக்காய்க் குழம்பு. சூடான் பெடியன் தூளைத் தொட்டுப் பார்த்துத் தும்மினான்.

2025 செப்டம்பர் 11

அக்செப்ட்.

லோயர் போனில் சொன்னபோது அடுப்பில் பால். பொங்கி வழிந்தது. நல்ல சகுனம் என்று அப்படியே விட்டேன்.

அம்மா அழுதார். தங்கை அழுதாள். கிழவி கேக் வாங்கித் தந்தார். மாலையில் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை வாசித்தேன். நான் இனிப் புகலிடம் கேட்பவன் இல்லையாம், அகதியாம். புகலிடம் கேட்பவர்களுக்கான வீடு ஆகவே எனக்கு இல்லை. வெளியேற 28 நாள்.

போன டிசம்பரிலிருந்து இது 56 நாளாக இருந்தது. இந்த மாதம் முதலாம் திகதியிலிருந்து தனியாட்களுக்கு மறுபடி 28. பத்து நாளில் தவறவிட்டேன். விண்ணப்பம் நிலுவையில் கிடந்தவரை கூரை இருந்தது.

2025 செப்டம்பர் 22

மாநகரசபைக்குப் போனேன். குழந்தை இல்லை, நோய் இல்லை, வயது முப்பது. முன்னுரிமையில் வரமாட்டேன். தனியார் வீட்டுக்காரர் பட்டியல் ஒன்று தந்தார்கள். ஏழு பேருக்கு அடித்தேன். முற்பணம் கேட்கிறார்கள், சம்பளச் சீட்டுக் கேட்கிறார்கள், பிணை நிற்க ஆள் கேட்கிறார்கள். பதினொரு மாதமாக வேலை செய்யாதே என்று சொல்லப்பட்டவனிடம் சம்பளச் சீட்டு.

யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையில் முதல் காசு வர ஐந்து வாரம். முன்பணம் கேட்கலாம், அது கடன். எனக்கு இருப்பது நாலு வாரம். இந்த இரண்டு இலக்கத்தையும் ஒரே அரசாங்கம்தான் வைத்திருக்கிறது.

2025 ஒக்ரோபர் 8

நாளைக் காலை பத்துக்கு ஒபிசர் வருவார். பிறகு லண்டன் கோச். மாமி வீட்டு ஹோலில் சோபா. "நீ வா ராசா, இடம் எங்கேயும் ஓடிப்போகாது" என்றார். மூன்று வாரம் என்று மாமாவுக்குச் சொல்லியிருக்கிறாராம். தற்காலிகமாக.

தூள் போத்தலைச் சூடான் பெடியனிடம் கொடுத்தேன். கத்தரிக்காய்க்கு ஒன்றரைக் கரண்டி, மீனுக்கு இரண்டு என்று எழுதியும் ஒட்டினேன். அவன் இன்னும் 95.

இரவு பட்டியலை எடுத்துச் சரிபார்த்தேன். போர்வை, தலையணை, சட்டி, கோப்பை, கப். கரண்டி ஒன்றுதான் இருக்கிறது. கட்டிலுக்குக் கீழே, அடுப்புக்குப் பின்னால், குப்பை வாளிக்குள் எல்லாம் பார்த்தாயிற்று. பதினொரு மணிக்குக் கிழவியின் கதவைத் தட்டினேன். இரவு உடுப்போடு வந்து திறந்தார். விஷயத்தைச் சொன்னதும் சமையலறை லாச்சியைத் திறந்து, "எது மாதிரி வேணும், பெற்?" என்று கேட்டார்.