சிலம்பக்காரன் ஜூடோ பழகினால்

சிலம்பமும் ஜூடோவும் சேர்த்துப் பழகுகிறேன் என்று சொன்னால் இரண்டு பக்கமும் முறைக்கிறார்கள். அம்பாசமுத்திரம் பக்கம் எனக்குக் கம்பு சொல்லிக்கொடுத்த வாத்தியார், "கட்டிப் புடிச்சு உருளுததுக்கு எதுக்குல சிலம்பம்?" என்கிறார். பாளையங்கோட்டையில் ஜூடோ சொல்லித்தரும் அண்ணன், "சுத்தாம ஒரு எடத்துல நில்லுல" என்கிறார். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது, சிக்கலே அதுதான்.

சிலம்பத்துக்கு உயிர் காலடி. உள்ளே வந்து தொட்ட கையோடு விலகிவிட வேண்டும், நின்றால் அடி விழும். அதனால் உடம்பு எப்போதும் முன்பாதத்தில் லேசாக நிற்கும். ஒரு காலை மற்றதற்குக் குறுக்கே மாற்றிவைத்துத் திரும்புவதெல்லாம் சின்ன வயதிலேயே ஊறிப்போன பழக்கம். இதை ஜூடோவில் செய்து பாருங்கள். உங்கள் சட்டையைப் பிடித்திருக்கிறவன், உங்கள் கால் குறுக்கே போகிற அந்த நேரத்துக்காகவே காத்திருப்பான். பாதம் தரையில் ஊன்றுவதற்குள் அவன் உள்ளங்கால் வந்து கணுக்காலைத் தட்டும், நீங்கள் மல்லாந்து கூரையைப் பார்ப்பீர்கள். தே அஷி பராய் என்று அதற்குப் பெயர். பெரிய பலமெல்லாம் வேண்டாம், நேரம் சரியாக இருந்தால் போதும்.

ஜூடோக்காரனுக்கும் இதே கதைதான். இரண்டு கையையும் நீட்டி, முகத்தை முன்னால் கொடுத்துக்கொண்டே வருவான், ஏனென்றால் அவன் போட்டியில் யாரும் குத்துவதில்லை. சிலம்பத்தோடு சேர்ந்த வெறுங்கைச் சண்டையான குத்துவரிசை பழகியவனுக்கு அது தாம்பாளத்தில் வைத்துத் தந்த மாதிரி.

ஆகவே இதில் பாதி, அதில் பாதி என்று பழகிப் புண்ணியமில்லை. அடிக்கிற தூரத்திலிருந்து பிடிக்கிற தூரத்துக்குப் போகும் அந்த ஓர் எட்டைத்தான் தனியாக எடுத்துப் பழக வேண்டும். நாங்கள் செய்வது இதுதான்: ஒருவன் குத்துவான், மற்றவன் பக்கவாட்டில் விலகித் தட்டுவான், தட்டிய கை திரும்பி வராமல் அப்படியே அவன் சட்டைக்கையைப் பற்றிவிட வேண்டும். அதுவரை சிலம்பக் காலடி. பற்றிய பிறகு கால் குறுக்கே போகவே கூடாது, முழங்கால் மடங்கி இடுப்பு இறங்கிவிட வேண்டும். கேட்க ஒன்றுமில்லை போலிருக்கும், ஆனால் களைத்துப்போனதும் கால் பழைய புத்தியைக் காட்டிவிடும்.

"பிடியெல்லாம் நம்ம பூட்டு பிரிவுலயே இருக்கு" என்று, கைகால்களை மடக்கிப் பிடிக்கிற முறையைக் காட்டிச் சொல்கிறவர்கள் உண்டு. இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்த இடங்களில் கையைக் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்கிறவனை வைத்துத்தான் பூட்டு பழகுகிறார்கள். ஜூடோவில் ரண்டோரி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: அவனும் உங்களைத் தூக்கிப்போடப் பார்ப்பான், நீங்களும் அவனைத் தூக்கிப்போடப் பார்க்க வேண்டும், யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. என்னைக் கேட்டால் சிலம்பக்காரன் ஜூடோவிலிருந்து முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான், தூக்கி எறிகிற வித்தைகளையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கலப்படம் என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று. ஜூடோவே கலந்து வந்ததுதான். அதை உண்டாக்கிய கானோ ஜிகோரோ பழகியது ஜூஜுட்சு என்ற பழைய ஜப்பானியக் கைச்சண்டையில் ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு மரபுகள்: அடிப்பதற்கும் பிடிப்பதற்கும் பேர்போன தென்ஜின் ஷின்யோ ரியூ, தூக்கி எறிவதற்குப் பேர்போன கிட்டோ ரியூ. இரண்டையும் அரைத்து 1882-ல் டோக்கியோவில் ஒரு புத்தக் கோயிலில் 12 பாய் விரித்துத் தொடங்கியதுதான் ஜூடோவின் முதல் பள்ளியான கோடோகான். அப்புறம் 1981-ல் அசுமா தகாஷி என்ற ஜப்பானியர் கியோகுஷின் என்ற கராத்தே வகையையும் ஜூடோவையும் சேர்த்து உண்டாக்கியது இன்று கூடோ என்று நடக்கிறது. முகத்துக்குக் கண்ணாடி மாதிரி மூடிய தலைக்கவசம், பிடிக்கத் தோதாகச் சட்டை. குத்தலாம், உதைக்கலாம், எறியலாம். உயரத்தைச் சென்டிமீட்டரிலும் எடையைக் கிலோவிலும் கூட்டித்தான் ஆளைப் பிரிப்பார்கள், 170 உயரம் 65 எடை என்றால் 235. ஒல்லியாக நெட்டையாக இருக்கிற நம்மூர்ப் பையன்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசித்துக்கொள்ள வேண்டும், எதிரே வருகிறவன் குட்டையாக, நல்ல கனமாக இருப்பான்.

தொடங்குகிறவர்கள் எறியப் பழகும் முன் விழப் பழகுங்கள். மோவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், கையால் தரையை அறைய வேண்டும். பாய் இல்லாவிட்டால் ஆற்று மணலில் பழகலாம், கோயில் திடலின் செம்மண்ணில் வேண்டவே வேண்டாம்.